நான்கு வரித் தற்புகழ்ச்சி

வேலைக்கு விண்ணப்பிப்பவர் அனுப்பும் தன்விவரக் குறிப்பின் உச்சியில், பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, மூன்று நான்கு வரியில் ஒரு பத்தி இருக்கும். ரெஸ்யூமே என்றும் பயோடேட்டா என்றும் வழங்கும் அந்தத் தாளில் மற்றவை எல்லாம் தகவல்: படித்த கல்லூரி, வேலை பார்த்த இடம், ஆண்டு, மதிப்பெண். இந்தப் பத்தி மட்டும் மதிப்பீடு. தான் எதில் வல்லவர், எந்தப் பொறுப்புக்குப் பொருந்துவார் என்று விண்ணப்பிப்பவரே தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. மற்றப் பகுதிகளை அரை மணி நேரத்தில் நிரப்பிவிடுபவர்களும் இங்கே வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று அவர்களே சொல்வார்கள். ஆங்கிலம் நன்றாக வருபவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். தன்னைத் தானே புகழ்வது தகுமா என்ற பழைய கேள்வி அங்கே வழிமறிக்கிறது.

தகாது என்பதே பெரும்பாலான மரபுகளின் முதல் பதில். திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரம், எந்தக் காலத்திலும் ஒருவன் தன்னை வியந்துகொள்ளக் கூடாது என்கிறது. பெருமை அதிகாரம் இன்னும் ஒரு படி போய், பணிவது பெரியவர்களின் இயல்பு, தன்னை வியந்து அலங்கரித்துக்கொள்வது சிறியவர்களின் இயல்பு என்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் மும்மலங்களில் மூலமலம் ஆணவம். சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இதைக் கணக்கு வழக்குபோலவே எழுதி வைத்திருக்கிறது: பிறரை இகழ்வது, தன்னைப் புகழ்வது, பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைப்பது, தன்னிடம் இல்லாத குணத்தை இருப்பதாகக் காட்டுவது ஆகிய நான்கும் தாழ்ந்த பிறப்புக்குக் காரணமான வினையைச் சேர்க்கும். இவற்றை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஏற்கும் ஒருவர் அந்த நான்கு வரி இடத்தைக் காலியாக விட வேண்டியிருக்கும். வேலை பக்கத்து விண்ணப்பத்துக்குப் போகும்.

ஆனால் இந்தத் தடைகளோடு விலக்குகளும் அதே மரபுகளில் உண்டு. தமிழில் அவற்றைத் தெளிவாக வகுத்தவர் சமண முனிவரே. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றிய பவணந்தி, அதன் பாயிரப் பகுதியில் தற்புகழ்ச்சியை இரண்டு நிலையில் வைத்துப் பேசுகிறார். அதுவரை இல்லாத நூலை உண்டாக்கிப் பல துறைகளையும் முடித்துக் காட்டிய புலவனுக்கும் தன்னைத் தான் புகழ்வது தகுதி அல்ல என்பது முதல் நிலை. அடுத்து வருவது நான்கு விலக்குகள். அரசவைக்குத் தன்னைப் பற்றி ஓலை எழுதி அனுப்பும்போது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில். எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. இந்த நான்கிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும்.

வேலை தேடுபவரின் நிலை இந்த நான்கில் எத்தனையில் அடங்கும் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மனிதவளத் துறைக்கு அனுப்பும் மின்னஞ்சல் இன்றைய ஓலை. அதைப் படிப்பவர் விண்ணப்பிப்பவரை அறியாதவர். ஒரே இடத்துக்கு நூறு பேர் போட்டியிடும்போது அது வெல்ல வேண்டிய அவையும் ஆகிவிடுகிறது. நான்காவது விலக்கு மட்டும் இங்கே பொருந்தாது. முந்தைய நிறுவனத்தில் தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு மறுப்பு எழுதும் இடமாக அறிமுகப் பத்தியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். யாரும் பழிக்காத இடத்தில் மறுப்பு எழுதினால் படிப்பவருக்குச் சந்தேகம் மட்டுமே மிஞ்சும். பவணந்திக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்னதாக, கிரேக்கரான புளூட்டார்க்கும் பிறருக்கு எரிச்சல் மூட்டாமல் தன்னைப் புகழ்வது பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவதூறுக்குப் பதில் சொல்லும்போது தற்புகழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. பவணந்தியின் நான்காவது விலக்கோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

நான்கு விலக்குக்கும் பொதுவான ஓர் அடிப்படை இருக்கிறது. கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டிய ஒன்று, சொல்ல வேறு ஆள் இல்லாததால் தெரியாமல் போகும் என்ற நிலையில்தான் வாய் திறக்க அனுமதி. வேறு ஆள் இருந்தால் அவரே சொல்ல வேண்டும். அதற்காக ஏற்பட்டதுதான் சிறப்புப் பாயிரம். நூலாசிரியரின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரையாசிரியர் ஆகியோரில் ஒருவர் அதை எழுத வேண்டும் என்பது நன்னூலின் விதி. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர் என்பது மரபுச் செய்தி. இன்றைய விண்ணப்பத்தின் கடைசியில் பரிந்துரைப்போர் என்று இரண்டு பெயர்கள் வருகிறதே, அந்த இடம் இதுதான். ஆனால் அவர்களிடம் தொலைபேசியில் விசாரிப்பது நேர்காணலும் முடிந்த பிறகு. முதல் சல்லடையில் விண்ணப்பதாரர் தனியாகவே நிற்கிறார்.

பாயிரத்தில் என்னென்ன வர வேண்டும் என்ற பட்டியலும் கவனிக்கத் தக்கது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. ‘சிறந்த நூல்’, ‘ஒப்பற்ற நூல்’ போன்ற அடைமொழிக்கு அந்த எட்டில் இடமே இல்லை. யாரிடமிருந்து வந்த வழி, எந்த எல்லைக்குள் செல்லும், யார் கேட்கத் தக்கவர், அவருக்கு என்ன பயன் என்பவை எல்லாம் சரிபார்க்கக் கூடிய விவரங்கள். நல்ல அறிமுகப் பத்தியும் இதே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கிறது: எந்தத் துறையிலிருந்து வந்தவர், எந்த அளவு பொறுப்பு வகித்தவர், எந்தப் பணியை நாடுகிறார், எடுத்துக்கொள்பவருக்கு என்ன கிடைக்கும்.

இதற்கு எதிர்முனையில் அவையடக்கம் இருக்கிறது. பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு கம்பர் தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். அந்த அடக்கம் ஓர் இலக்கிய மரபு. கேட்பவர் காவியத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படிக்கிறார், பூனையின் ஆற்றல் அடுத்த பாட்டிலேயே தெரிந்துவிடும். தன்விவரக் குறிப்பில் அடுத்த பாட்டு கிடையாது. அனுபவம் குறைவுதான், இருந்தாலும் வாய்ப்புத் தந்தால் முயல்கிறேன் என்று தொடங்கும் விண்ணப்பத்தைப் படிப்பவர் அதைப் பண்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், தகவலாக எடுத்துக்கொள்வார்.

இனி, சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தால் போதுமா என்ற கேள்வி. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் இதற்கு ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. கர்ணனிடம் அடிபட்டுப் பாசறைக்குத் திரும்பிய தருமன், கர்ணன் இன்னும் சாகவில்லை என்று தெரிந்ததும் ஆத்திரத்தில், காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று அர்ச்சுனனிடம் சொல்லிவிடுகிறான். அப்படிச் சொல்பவரைக் கொல்வதாக அர்ச்சுனனுக்கு ஒரு சபதம் உண்டு. வாளை உருவியவனைக் கண்ணன் தடுத்து ஒரு வழி சொல்கிறான்: மூத்தவரை மரியாதையின்றிப் பேசுவது அவரைக் கொல்வதற்குச் சமம், பேசிவிடு. பேசி முடித்த அர்ச்சுனன், அண்ணனைப் பழித்த பாவத்துக்காகத் தன்னையே வெட்டிக்கொள்ளப் போகிறான். மறுபடியும் கண்ணன் தடுக்கிறான். உன் பெருமைகளை உன் வாயால் சொல், அது தற்கொலைக்குச் சமம் என்கிறான். அர்ச்சுனன் தன் வில்லாற்றலைச் சொல்லிக்கொள்கிறான், கணக்குத் தீர்கிறது.

அர்ச்சுனன் அப்போது சொன்னவற்றில் பெரிய பொய் எதுவும் இல்லை. உலகறிந்த வில்லாளி, தன்னை நன்றாக அறிந்த அண்ணனுக்கும் நண்பனுக்கும் முன்னால் நின்று சொல்கிறான். அதனாலேயே அது சாவுக்கு நிகராகிறது. பவணந்தியின் அளவுகோலை வைத்தால் விடை எளிது: ஆற்றலை அறிந்தவர் நடுவே, தேவை இல்லாத இடத்தில், உண்மையைச் சொன்னாலும் அது தற்புகழ்ச்சியே. ஆகவே உண்மை என்பது வாசல்படி. அதைத் தாண்டிய பிறகு, இதை ஏன் இவரிடம் சொல்ல வேண்டும் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பத்தாண்டு அனுபவம் உள்ளவர் பள்ளி ஓவியப் போட்டிப் பரிசை முதல் பத்தியில் எழுதினால் அது பொய் அல்ல. அர்ச்சுனன் செய்த காரியம்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்கச் சட்டமான விநயம் இந்த வாசல்படியை மிகக் கண்டிப்பாகக் கட்டியிருக்கிறது. வஜ்ஜி நாட்டில் பஞ்சம் வந்தது. வக்குமுதா ஆற்றங்கரையில் மழைக்காலத்தைக் கழித்த பிக்குகளுக்குப் பிச்சை கிடைக்கவில்லை. அவர்கள் கூடி யோசித்து ஓர் உபாயம் கண்டார்கள். இந்தப் பிக்கு இன்ன தியானத்தை அடைந்தவர், அந்தப் பிக்கு இன்ன ஞானம் பெற்றவர் என்று இல்லறத்தாரிடம் ஒருவரை ஒருவர் புகழத் தொடங்கினார்கள். இத்தகையவர்கள் நம் ஊரில் தங்கியிருப்பது பாக்கியம் என்று எண்ணிய மக்கள், தங்கள் பிள்ளைகளுக்கும் தாராமல் இவர்களுக்குச் சோறிட்டார்கள். மழைக்காலம் முடிந்து புத்தரைக் காண வந்த மற்றப் பிக்குகள் எல்லாம் மெலிந்து கிடக்க, இவர்கள் மட்டும் கொழுத்திருந்தார்கள். விசாரித்து அறிந்த புத்தர், உலகத் திருடர்களில் இவர்களே பெரியவர்கள் என்று கண்டித்தார். இல்லாத உயர்ஞானம் தனக்கு இருப்பதாகச் சொல்லும் பிக்கு சங்கத்திலிருந்து நீங்குகிறான் என்ற விதி அப்படித்தான் பிறந்தது. கொலை, திருட்டு, காமம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு பெருங்குற்றங்களில் அது ஒன்று.

தன்விவரக் குறிப்பில் பொய் எழுதுவதை வெறும் மிகைப்படுத்தலாகக் கருதுபவர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய சொல் ‘திருட்டு’. பஞ்ச காலத்தில் அந்தச் சோற்றுக்கு வேறு வாய் இருந்தது. இல்லாத அனுபவத்தை எழுதி வாங்கிய இடத்துக்கும் வேறு ஆள் இருந்திருப்பார். பொய்யால் இழப்பு நிறுவனத்துக்கு மட்டும் என்று நினைப்பது வசதியான கணக்கு. வரிசையில் அடுத்து நின்றவர் அதில் வருவதே இல்லை.

விநயம் கண்டிப்பில் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மை மன்னிப்பிலும் காட்டுகிறது. அடையாததை அடைந்துவிட்டதாக உண்மையிலேயே நம்பி, அந்த மயக்கத்தில் சொன்ன பிக்கு இந்த விதியில் குற்றவாளி ஆவதில்லை. தன்னை மிகையாக மதிப்பிடுவதும் பிறரை ஏமாற்றுவதும் வேறு வேறு என்று அந்தச் சட்டம் அறிந்திருந்தது. தனக்கு ஜாவா நன்றாகத் தெரியும் என்று நம்பி எழுதும் புதுப் பட்டதாரிக்கும், தெரியாது என்று தெரிந்தே எழுதுபவருக்கும் உள்ள தூரம் அதுதான், நேர்காணலில் இருவரும் ஒரே கேள்வியில் விழுந்தாலும்.

பொய் சொல்ல ஏதுவான இடம் எது என்பதை அரிஸ்டாட்டில் துல்லியமாகக் காட்டுகிறார். நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில், தன்னைப் பற்றி உள்ளபடி சொல்வதை ஒரு பண்பாகவும், மிகுத்துச் சொல்வது, குறைத்துச் சொல்வது இரண்டையும் அதன் இரு பக்கப் பிழைகளாகவும் வைக்கிறார். பொருளுக்காக மிகுத்துச் சொல்பவர்கள், பிறருக்குப் பயன்படக் கூடியதும் இல்லையென்று எளிதில் கண்டுபிடிக்க முடியாததுமான திறமையையே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அவர் கவனிப்பு. அவர் தரும் உதாரணங்கள் குறி சொல்பவர், ஞானி, வைத்தியர். இன்றைய அறிமுகப் பத்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை இதோடு ஒப்பிட்டால் பொருத்தம் தெரியும்: தலைமைப் பண்பு, சிறந்த தொடர்புத் திறன், எந்தச் சூழலுக்கும் ஏற்ப மாறும் இயல்பு. எல்லாமே பயனுள்ளவை, எல்லாமே சோதிக்க முடியாதவை. டாலி மென்பொருளில் கணக்கு முடிக்கத் தெரியும் என்பதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அதனாலேயே அதைப் பொய்யாக எழுதுபவர்கள் குறைவு. சோதிக்க முடியாத சொற்கள் எழுதுபவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். அதே காரணத்தால் படிப்பவருக்கு அவற்றில் மதிப்பில்லை.

குறைத்துச் சொல்பவர்களிடம் அரிஸ்டாட்டிலுக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. ஆரவாரம் வேண்டாம் என்றுதானே அப்படிச் செய்கிறார்கள் என்கிறார். ஆனால் கண்ணெதிரே தெரிவதையும் மறுப்பவரை அவர் விடுவதில்லை. ஸ்பார்ட்டா நாட்டாரின் எளிய உடையை அணிந்து திரிவதும் ஒரு வகைப் பகட்டுதான் என்று இடித்துச் சொல்கிறார். அடக்கத்தின் உள்ளே தற்பெருமை குடியிருக்க முடியும் என்று அறிந்தவர்கள் கிரேக்கர்கள் மட்டும் அல்லர். ‘நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லைங்க’ என்று தொடங்குபவரின் அடுத்த வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் எல்லோருமே காத்திருப்பார்கள்.

தகுந்த தற்புகழ்ச்சி எப்படி இருக்கும் என்பதற்குத் திருக்குர்ஆன் தரும் உதாரணம் இரண்டே சொல்லில் அடங்குகிறது. எகிப்து அரசனின் கனவுக்கு யூசுஃப் நபி விளக்கம் சொல்லிவிட்டார்: செழிப்பான ஏழு ஆண்டுகள், அவற்றைத் தொடர்ந்து ஏழு ஆண்டுப் பஞ்சம். பின்னர் அரசனிடம், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்கிறார். காரணமாகத் தம்மிடம் உள்ள இரண்டு தகுதிகளைச் சொல்கிறார்: பாதுகாப்பவர், அறிந்தவர். அதே வேதத்தில் வேறோர் இடத்தில், உங்களை நீங்களே தூயவர்கள் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள் என்ற கட்டளையும் உண்டு. பதவியைக் கேட்டு வருபவருக்கு அதைத் தருவதில்லை என்ற நபிமொழியும் வழங்குகிறது. விரிவுரையாளர்கள் இவற்றைப் பொருத்திக் காட்டும் வழி பவணந்தியின் வழியோடு நெருங்கியது. தகுதியை அறியாதவர் முன்னே, பொது நன்மைக்குத் தேவை ஏற்படும்போது, பெருமைக்காக அல்லாமல் சொல்வது குற்றம் ஆகாது.

அந்த இரண்டு சொற்களின் தேர்வும் பாடம். யூசுஃப் நபிமார் பரம்பரையில் வந்தவர். அவர் அழகு ஊரறிந்தது. இரண்டையும் அவர் சொல்லவில்லை. களஞ்சியத்துக்கு வேண்டியவை திருட்டுப் போகாமல் காப்பதும் அளந்து கணக்கிடத் தெரிவதும்; சொன்னவை அந்த இரண்டே. சொல்வதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருக்கிறது. சிறையிலிருந்து விடுவிக்க ஆள் வந்தபோது உடனே புறப்படாமல், தம் மீதான பழைய பழியை விசாரிக்கச் சொல்லி, அது நீங்கிய பிறகே அவர் வெளியே வருகிறார். தம்மைப் பற்றிய சொல்லுக்கு முன்னால் சான்று போய்ச் சேர்ந்துவிட்டது. விவிலியத்தின் தொடக்கநூலில் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. அங்கே யோசேப்பு பதவியைக் கேட்பதில்லை. விவேகமும் ஞானமும் உள்ள ஒருவரைத் தேடி நியமியுங்கள் என்று பார்வோனுக்கு ஆலோசனை சொல்லி நிறுத்திக்கொள்கிறார். வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று விளக்கியவிதத்திலேயே பார்வோனுக்கு ஆள் யார் என்று விளங்கிவிடுகிறது.

செய்ததைச் சொல்வது ஒன்று, செய்ய முடியும் என்பதைச் சொல்வது இன்னொன்று. அனுபவம் இல்லாத இளைஞர்களுக்கு இரண்டாவதுதான் கையில் இருக்கிறது. 1482-ஐ ஒட்டி லியோனார்டோ டாவின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதத்தை உலகின் முதல் ரெஸ்யூமே என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகைக் கருவிகள், மூடிய போர்வண்டிகள் என்று எண்ணிட்டு அடுக்கிவிட்டு, அமைதிக் காலத்துத் திறமைகளைச் சொல்லும் கடைசிப் பகுதியில்தான் ஓவியத்தைக் குறிப்பிடுகிறார். போர் மேகம் சூழ்ந்த ஒருவருக்கு எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்ன கருவிகளில் பெரும்பாலானவற்றை அதற்கு முன் அவர் கட்டியிருந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அது ஏமாற்று ஆகிவிடவில்லை. முடியாது என்று தோன்றும் எதையும் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டத் தயார் என்று கடிதத்தை முடித்திருக்கிறார். சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் வாக்குறுதி பொய்யின் பக்கம் சேராது. புதுப் பட்டதாரி தன் கல்லூரி புராஜெக்டின் இணைப்பை அறிமுகப் பத்தியில் தரும்போது லியோனார்டோ செய்ததைத்தான் செய்கிறார்.

அடுத்த சிக்கல், பத்தியில் பேசப்படும் ‘நான்’ யார் என்பது. எல்லாச் செயலும் இயற்கையின் குணங்களால் நடக்க, அகங்காரத்தில் மயங்கியவன் தானே செய்வதாக எண்ணுகிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. தத்துவமாகக் கேட்டால் தொலைதூர விஷயமாகத் தோன்றும் இந்தக் கருத்து அலுவலகத்தில் தினமும் நடக்கும் சண்டை. ஒரு கிளையின் விற்பனை கூடியதற்கு மேலாளர், விற்பனையாளர்கள், அந்த ஆண்டுப் பண்டிகைக் காலம், எதிர்க்கடை மூடியது என்று எத்தனையோ காரணம் இருக்கும். அத்தனை பேருடைய தன்விவரக் குறிப்பிலும் அது தனி ஒருவரின் சாதனையாக ஏறும். இதற்குத் தீர்வு ‘நான்’ என்பதை அழிப்பது அல்ல. அது முடியவும் முடியாது. தன் பங்கு எது என்று எல்லை கட்டிச் சொல்வதே முடியும். பாயிரத்தின் எட்டில் ‘எல்லை’ ஒன்றாக இருந்தது இங்கே பயன்படுகிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘நான்’ என்ற சொல்லை விட்டுவிட்டு வினையில் தொடங்குவது வழக்கம். அதனால் ஓர் அடக்கம் வந்துவிட்டதுபோல் தோன்றும். தமிழில் அந்த வசதி இல்லை. ‘செய்தேன்’, ‘நடத்தினேன்’ என்று வினைமுற்றின் வாலில் ‘நான்’ ஒட்டிக்கொண்டே வரும். தமிழில் அறிமுகப் பத்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘செய்தவர்’, ‘பயின்றவர்’ என்ற வினையாலணையும் பெயருக்குத் தாவுகிறார்கள். தன்னையே படர்க்கையில் வைத்துப் பேசும் இந்த நடைக்குப் பெரிய முன்னோடி உண்டு. முதலாம் இராசராசன் காலம் தொட்டுச் சோழக் கல்வெட்டுகளின் தலையில் வரும் மெய்க்கீர்த்தி, அரசனின் வெற்றிகளைப் படர்க்கையில் வரிசைப்படுத்துகிறது. புதிய நாடு வென்றதும் அடுத்த ஆண்டுக் கல்வெட்டில் அதன் பெயர் சேரும். பெயரிலேயே ‘மெய்’ இருக்கிறது. எல்லா மெய்க்கீர்த்தியும் மெய்யா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னொரு தரப்புக் கல்வெட்டை வைத்துச் சரிபார்க்கவும் செய்கிறார்கள்.

இப்போது பத்தியை எழுத இன்னொரு கை வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விவரங்களைக் கொடுத்தால் ஒரு நொடியில் பத்தி தயார். பிறர் எழுதியது என்பதால் இது சிறப்புப் பாயிரம் ஆகிவிடாது. உடன் பயின்றவர் எழுதிய பாயிரத்துக்குப் பின்னால் அவர் கண்டறிந்த ஒன்று இருந்தது. செயலி எதையும் கண்டதில்லை. தற்புகழ்ச்சியின் கூச்சத்தை மட்டும் அது எழுதுபவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. கூச்சம் போனதும் அளவும் போய்விடுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

வைத்துக்கொள்வோம், திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர் அடுத்த படிக்கு விண்ணப்பிக்கிறார். வழக்கமான பத்தி இப்படி இருக்கும்: ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவுடன் இணைந்து பணியாற்றும் திறன் மிக்கவர், புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியை நாடுகிறார்.’ இதை ஒரு செவிலியரும் அனுப்பலாம், வங்கி எழுத்தரும் அனுப்பலாம். மேலே கண்ட மரபுகளின் வழியில் எழுதினால் இப்படி வரும்: ‘பின்னலாடை ஏற்றுமதியில் 6 ஆண்டு அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர். குழந்தைகள் ஆடைப் பிரிவில் இரண்டு ஐரோப்பிய பையர்களின் ஆர்டர்களைச் சாம்பிள் ஒப்புதல் முதல் ஷிப்மென்ட் வரை தனிப் பொறுப்பில் பார்த்தவர். சாயப்பட்டறை, பிரின்டிங் யூனிட்களுடன் அன்றாட ஃபாலோ-அப் பழகியவர். ஓராண்டாக மூன்று ஜூனியர்களை வழிநடத்துகிறார். மூத்த மெர்ச்சண்டைசர் பொறுப்பை நாடுகிறார்.’

இரண்டாவதில் ஒரு புகழ்ச் சொல்லும் இல்லை. உழைப்பாளி என்பதை 6 ஆண்டு சொல்கிறது, நம்பகமானவர் என்பதைத் தனிப் பொறுப்பு சொல்கிறது, தலைமைப் பண்பை மூன்று ஜூனியர்கள் சொல்கிறார்கள். இராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் அனுமன் வந்து பேசியபோது தன் கல்வியைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. பேசிய முறையிலிருந்தே வேதமும் இலக்கணமும் கற்றவன் என்று இராமன் முடிவுக்கு வந்தான். அடைமொழியைப் படிப்பவரின் வாய்க்கு விட்டுவிடுவது அந்த உத்திதான்.

எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் அறத்தின் பகுதியே. விநயத்தில் இன்னொரு சிறிய விதி உண்டு: ஒரு பிக்கு உயர்ஞானத்தை உண்மையாகவே அடைந்திருந்தாலும் அதைத் துறவு ஏற்காதவரிடம் சொன்னால் அதுவும் குற்றம், சிறியது. உள்வாழ்க்கையைச் சோற்றுக்கு விற்கக் கூடாது என்பது அதன் கருத்தாக இருக்கலாம். நம் ஊர்ப் பயோடேட்டாக்களில் மதம், சாதி, தந்தை தொழில் எல்லாம் இன்னும் இடம் பிடிக்கின்றன. ‘ஆன்மிக நாட்டம் உள்ளவர்’, ‘கடவுள் பக்தி மிக்கவர்’ என்று முதல் பத்தியிலேயே எழுதுபவர்களும் உண்டு. பக்தி உண்மையாக இருந்தால் அது வேலைக்கான தகுதிப் பட்டியலில் சேர மறுக்கும்.

இவ்வளவும் எழுதுபவர் பக்கத்து நியாயம். படிப்பவர் பக்கத்திலும் கடமை உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பெரியவர்கள் நடுவே வாயைத் திறக்காதே, தன்னைத் தானே சொல்லிக்கொள்ளாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போன பிள்ளை, இந்த நான்கு வரியில் தடுமாறும். உணவு மேசையில் சாதனைகளைப் பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளை சரளமாக எழுதும். அந்த வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாகப் படிக்கும் நிறுவனம், வேலைக்கு ஆள் எடுக்காமல் தற்புகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறது. திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் முழுவதும் ஆளைத் தேர்ந்தெடுப்பவனை நோக்கிப் பேசுகிறது. குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்று எடைபோடு. பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் அவரவர் செய்த செயல்தான் என்பது அதன் அறிவுரை. அங்கே வேலைக்கு வருபவன் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. தேடிக் கண்டுபிடிக்கும் சுமை அரசனுடையது.

இந்தியத் தன்விவரக் குறிப்புகளின் அடியில் ஓர் உறுதிமொழி அச்சாகி வருவது வழக்கம். மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் தான் அறிந்தவரை உண்மை என்று ஒரு வரி; கீழே இடம், தேதி, கையெழுத்து. பழக்கத்தால் யாரும் படிக்காத வரி அது. அதை எடுத்து முதல் பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் தனித்தனியாக வைத்துப் பார்க்கலாம். ‘ஆறு ஆண்டு அனுபவமுள்ளவர், இது உண்மை’ என்று கையெழுத்திட முடிகிறது. ‘வெற்றியை நோக்கிய தணியாத வேட்கை கொண்டவர், இது உண்மை’ என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. அது பொய் என்பதால் அல்ல, உண்மையா பொய்யா என்று யாராலும் சொல்ல முடியாத வாக்கியம் என்பதால். தயங்கிய வாக்கியங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று நான்கு வரி. அந்தப் பத்திக்குத் தாளில் இருக்கும் இடமும் அவ்வளவுதான்.